பச்சை லைட்டு டப்பா

வாய்யா மாப்ள, வா. இப்பிடித் திண்ணையில ஒக்காரு. நீ வேர்த்து விறுவிறுத்து வர்றதப் பாத்தாலே தெரியுது, காரு எந்திரிக்க மாட்டேன்னு படுத்துக்கிருச்சு. சாவியத் திருகுனா 'டிக் டிக்'குனு அடிச்சுச்சா, இல்ல ஒண்ணுமே சத்தமில்லையா? அடிச்சுச்சா? அப்பச் சரி, கொஞ்சூண்டு உசுரு இருக்கு. சத்தமே வராட்டித்தேன் ஒப்பாரி வைக்கணும்.

நாளைக்குப் பொண்டாட்டி புள்ளையக் கூட்டிக்கிட்டுத் தல்லாகுளத்துக்கு அழகரு எதிர்சேவை பாக்கப் போகணும்னு பெங்களூருல இருந்து பஸ்ஸுல வந்து எறங்குன ஆளு நீ. காரு வச்சிருக்கவன் பஸ்ஸுல வர்றான், பஸ்ஸுல போறான். காரு மட்டும் சோழவந்தான்ல சிமெண்டுச் சீட்டுக் கொட்டகைக்குள்ள போர்வையப் போத்திக்கிட்டு, கல்யாணத்தன்னைக்கு மொகம் சுழிச்ச சம்பந்தி மாதிரிப் படுத்துக் கெடக்கு. கேட்டா, 'அந்த ஊரு டிராஃபிக்ல ஓட்ட முடியாது மாமா'ங்கிற. சரி, ஓட்ட முடியாத ஊருல இருந்துக்கிட்டு ஓட்டுற வண்டிய எதுக்குடா வாங்குன? எனக்கெதுக்கு அந்தச் சோலி. ஒன் காசு, ஒன் காரு.

கடைசியா எப்ப எடுத்த? தைப்பொங்கலுக்கு அலங்காநல்லூரு மாடு பாக்கப் போனம்ல, அன்னைக்குத்தேன். அதுக்கப்பறம் மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. அங்க வாடிவாசல்ல நின்னுச்சே காளை, அதுவும் வருசத்துல ஒண்ணு ரெண்டு நாளுதேன் வெளிய வரும். ஆனா மிச்ச நாளு பூராம் அதுக்குப் பருத்திக்கொட்டை என்ன, கம்மாயில நீச்சல் என்ன, காலையில நடை என்ன! பொங்கலன்னைக்கு மட்டும் போயி மூக்கணாங்கயித்தப் புடிச்சு 'பாயிடா'ன்னா எந்தக் காளை பாயும்? நீ வந்து சாவியத் திருகுன ஒடனே அது பாயணுங்கிற.

'நிறுத்தி வச்சிருந்த வண்டி, எதுவுமே ஓடல, பேட்டரி எப்பிடி மாமா எறங்கும்?'னு கேக்குற பாரு, இம்புட்டுப் படிச்சும் இத ஒனக்கு எவனும் சொல்லித் தரல. நீ வண்டியப் பூட்டிட்டுப் போயிட்ட. உள்ள ஒருத்தனும் தூங்கல மாப்ள. கடிகாரம் முழிச்சிருக்கு. அந்த ரிமோட்டு இருக்கே, நீ என்னைக்காவது வந்து 'பீப்'னு அமுக்குவன்னு நெனச்சு ராப்பகலாக் காது குடுத்துக்கிட்டு ஒருத்தன் ஒக்காந்திருக்கான். திருட்டு அலாரம் ஒண்ணு. கம்ப்யூட்டர் டப்பா ஒண்ணு. பாட்டுப்பெட்டி, கடைசியா எந்த ஸ்டேசன் கேட்டம்னு மறக்காம ஞாபகம் வச்சுக்கிட்டு. எல்லாருமாச் சேந்து இருபதுல இருந்து அம்பது மில்லி ஆம்பியரு இழுப்பான். நம்ம வாடிப்பட்டி மெக்கானிக்கு சொன்ன கணக்கு இது. நான் அவன்கிட்டத் திருப்பிக் கேட்டு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன், நீ வந்தா அசத்தலாம்னு.

நடுவால முப்பதுன்னு வையி. ஒரு நாளைக்கு முக்கா ஆம்பியர்-அவர் போச்சா? ஒன் காரு பேட்டரி 35 ஆம்பியர்-அவர். முப்பது நாளைக்கு இருபத்தியொண்ணு சொச்சம். ஒரு மாசத்துல பாதிக்கு மேல காலி. நம்ம கம்மாய் மடையில கசிவு பாத்திருக்கேல்ல, ஷட்டரு எறக்கித்தேன் இருக்கும், சொட்டுச் சொட்டாத்தேன் போகும், அசலூருக்குப் போயிட்டு வந்து பாத்தா கரையில நின்ன தண்ணி நடுக்கம்மாய்க்குப் போயிருக்கும். எவனும் தொறந்துவிடல. எவனும் அடைக்கவும் இல்ல.

அதுக்கு மேல நம்ம ஊரு வெயிலு. பேட்டரி சும்மா இருந்தாலும் தானா எறங்கும். வயரக் கழட்டிப் போட்டாலும் எறங்கும். பத்து டிகிரி சூடு ஏற ஏற, அந்த எறக்கம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும். பங்குனி சித்திரையில அந்தச் சிமெண்டுச் சீட்டுக்கு அடியில போயி நீயே ஒரு மத்தியானம் படுத்துப் பாரு, எவ்வளவு நேரத்துல எறங்குறன்னு தெரியும்.

இந்தா, நம்மகிட்ட மீட்டரு இருக்கு. டவுன்ஹால் ரோட்டுல வாங்குனது. சாயங்காலம் வச்சுப் பாத்தேன். ஆமா, நீ வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேன், அத விடு. 11.8 காட்டுச்சு. நீ பன்னெண்டு வோல்ட்டு பேட்டரிங்கிறதால பன்னெண்டு இருந்தாப் போதும்னு நெனப்ப. அங்கதேன் ஏமாத்துறான். உள்ள ஆறு செல்லு, ஒவ்வொண்ணும் ரெண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல. வயிறு நெறஞ்ச பேட்டரி ஓய்வா இருக்கயில 12.6, 12.7 காட்டணும். 12.4-ன்னா முக்கா வயிறு. 12.2-ன்னா அரை வயிறு. பன்னெண்டுன்னா கால் வயித்துக் கஞ்சி. 11.8-ன்னா இலை போட்டிருக்கு, சோறு இல்ல.

சோறு இல்லங்கிறது கூடப் பெருசில்ல மாப்ள, போட்டுக்கலாம். அது பசியோட எத்தனை நாளு கெடந்துச்சுங்கிறதுதேன் வெனை. உள்ள ஈயத்தகடு. 1859-ல பிளான்டேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஈயத்தகட்டச் சுருட்டி ஆசிட்டுல முக்கி வச்சாரு. இன்னைக்கு வரைக்கும் அந்த ஈயமும் ஆசிட்டுந்தேன், டப்பாதேன் மாறியிருக்கு. கரண்டு எறங்க எறங்கத் தகட்டுல வெள்ளையா உப்புப் படியும், சல்ஃபேட்டு. ஒடனே சார்ஜு ஏத்துனாக் கரைஞ்சு போயிரும். வாரக்கணக்குல அப்பிடியே விட்டா, என் பல்லப் பாரு, இந்த வெத்தலைக் காவி மாதிரி இறுகிரும். இளவயசுல தினம் வேப்பங்குச்சி வச்சுத் தேச்சிருந்தாப் போயிருக்கும். இப்பப் பல்லுதேன் போகும், காவி போகாது. பேட்டரி ஓடித் தேஞ்சு செத்ததவிட நின்னு காவி ஏறிச் செத்ததுதேன் நான் அதிகமாப் பாத்தது.

2020-ல பாத்தோம்ல. மார்ச்சு 25-ந் தேதி நாட்டையே பூட்டுனாங்க. அப்பறம் ஜூன் 24-ல மதுரைக்குன்னு தனியா இன்னொரு பூட்டு. தொறந்த அன்னைக்குத் தெருவுக்குத் தெரு காரத் தள்ளிக்கிட்டிருந்தாங்க. வாடிப்பட்டிக்காரன் கடை வாசல்ல செத்த பேட்டரியா அடுக்கிக் கெடந்துச்சு, கசாப்புக்கடையில தலைய அடுக்குன மாதிரி. பழைய பேட்டரிய எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிட்டுப் போனான் ஒவ்வொருத்தனும். பாதிக்குப் பாதி, அதுல தப்பிச்சிருக்கக்கூடிய பேட்டரிங்க.

நீ அப்பச் செஞ்ச கூத்தும் எனக்கு ஞாபகம் இருக்கு. வீட்டுல இருந்துக்கிட்டு வாரத்துக்கு ஒருதரம் காரக் கெளப்பி, அஞ்சு நிமிசம் உறும விட்டு, ஏசியப் போட்டுப் பாட்டக் கேட்டுட்டு அணைச்சிருவ. பேட்டரிக்குச் சார்ஜு ஏத்துறேன்னு பேரு! கெளப்புறப்ப செல்ஃப் மோட்டாரு நூத்தம்பது எரநூறு ஆம்பியரு லபக்குனு முழுங்கும், ரெண்டு மூணு செகண்டுக்கு. அஞ்சு நிமிசம் நின்ன எடத்துல ஓடுனா அந்தக் கடன வேணா அடைக்கலாம். ஒரு வாரக் கசிவ எவன் அடைக்கிறது? இதுல ஏசி வேற. அரை மணி நேரமாவது ரோட்டுல ஓடணும்டா. இங்கிட்டுத் திருவேடகம் போயி ஏடகநாதரக் கும்புட்டுட்டு, அங்கிட்டு மதுரைக்குப் போயி ஒரு ஜிகர்தண்டா குடிச்சுட்டு வந்திருந்தா, சாமிக்கும் ஆச்சு, பேட்டரிக்கும் ஆச்சு. போலீசு விடல, அது வேற.

இல்லையா, காசில்லாத வைத்தியம் ஒண்ணு இருக்கு. பத்தாம் நம்பர் ஸ்பேனரு. ஊருக்குக் கெளம்புறப்ப கருப்பு வயரு, அதான் நெகட்டிவ்வு, அத மட்டும் கழட்டித் தனியா ஒதுக்கி விட்டுட்டுப் போ. கசிவு நின்னுச்சு. பேட்டரி தன்னால எறங்குறது மட்டும் இருக்கும், அது மாசக்கணக்குத் தாங்கும். கடிகாரம் அழிஞ்சுபோகும், ரிமோட்டு வேலை செய்யாது, சாவி போட்டுத்தேன் கதவப் பூட்டணும். ஒங்க தாத்தா காலத்துல எல்லாக் கதவையும் அப்பிடித்தேன் பூட்டுனாங்க, ஒருத்தன் கையும் ஒடியல. ஆனா இது ஒனக்குப் புடிக்காது. காசு செலவழியாத எந்த வைத்தியமும் ஒனக்குப் புடிக்காது. அதனாலதான போன வருசம் அந்தச் சார்ஜரு டப்பாவ வாங்கியாந்த.

நல்ல சாமான்தேன், குத்தம் சொல்லல. அதச் சார்ஜருன்னு சொல்றதே தப்பு. மெக்கானிக்குக் கடையில பழைய சார்ஜரு இருக்குமே, இரும்புப் பெட்டி, 'ம்ம்ம்'னு மொனங்கிக்கிட்டு, அதுதேன் சார்ஜரு. அதுக்கு நிறுத்தத் தெரியாது. ராத்திரி போட்டுட்டு எவனாவது மறந்து தூங்கிட்டா, விடியிறப்ப பேட்டரி ரசம் கொதிக்கிற மாதிரி நொரைச்சுக்கிட்டு, தண்ணி வத்தித் தகடு வெளிய தெரியும். ஒன் டப்பா அப்பிடி இல்ல. மொதல்ல வேகமா ஏத்துது. பதினாலரை வோல்ட்டு பக்கம் வந்தா கையப் பைய இழுத்துக்கிருது. நெறஞ்சபெறகு பதிமூணரை கிட்ட எறங்கி, எம்புட்டுக் கசியுதோ அம்புட்டு மட்டும் விட்டுக்கிட்டே இருக்கு. சிவப்பு லைட்டு போயிப் பச்சை லைட்டு வருது. ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு வெளிய போனாக்கூட மினுக்மினுக்குனு முழிச்சுக்கிட்டு இருக்கும், பாக்கவே ஒரு தெம்பு.

இது எனக்கு ஒடனே வெளங்கிருச்சு, ஏன்னா நான் கொடிக்கால்காரன். 2023-ல சோழவந்தான் வெத்தலைக்குப் புவிசார் குறியீடு குடுத்தாங்களே, அது இந்தக் கையில வளந்ததுந்தேன். நெல்லுக்கு மடையத் தொறந்துவிட்டுட்டுப் போயித் தூங்கலாம். வெத்தலைக்கு முடியாது. தண்ணி காஞ்சா கொடி சுருண்டுரும், தேங்குனா வேரு அழுகிரும். ஈரம் காயக்கூடாது, சேறாகவும் கூடாது. பெரிய பேட்டரி வச்சிருக்கவன் எல்லாம் நெல்லு வெதைக்கிற மாதிரி நெனச்சுக்கிறான், ஒருநா முட்ட முட்ட ஏத்திட்டு மூணு மாசம் வரமாட்டேங்கிறான்.

அந்த டப்பாவுல கடைசி லைட்டுக்கு நேரா இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்கேன்னு ஒம்மகன்கிட்டக் கேட்டேன். 'ஃப்ளோட்டு தாத்தா, மெதக்குறது'ன்னான். அட, நம்ம தெப்பம்! 1645-ல திருமலை நாயக்கரு வெட்டுன வண்டியூர் தெப்பக்குளத்துக்கு வைகையில இருந்து வாய்க்காலு. தண்ணி வர்ற பாதை தூந்து போயிக் கெடந்த வருசத்துல குளத்துக்குள்ள பயலுக கிரிக்கெட்டு ஆடுனானுக. தைப்பூசத்துக்கு மீனாச்சியும் சொக்கரும் வந்து தெப்பத்துல ஒக்காந்தா தெப்பம் தரையில நிக்கும். நிலைத்தெப்பம்னு மரியாதையாப் பேரு வச்சு ஒப்பேத்துனோம். இப்பப் பனையூர்க் கால்வாயச் சரிபண்ணித் தண்ணி விட்டு, தெப்பம் நெசமாவே மெதக்குது. குளத்துல தண்ணி நிக்கிறது ஒருநா திருவிழாவுக்கு மட்டுமில்ல மாப்ள, சுத்தியிருக்க தெருக் கெணறு, போரு எல்லாத்துக்கும் அதுதேன் ஊத்து. நீ இப்ப நிலைத்தெப்பத்துல ஒக்காந்துக்கிட்டுத் துடுப்புப் போட்டுக்கிட்டு இருக்க.

மாட்டுற மொறையாவது தெரியுமா? கரண்டு பிளக்க மொதல்ல சொருகக் கூடாது. சிவப்புக் கிளிப்ப பிளஸ்ஸுல மாட்டு. கருப்ப பேட்டரிய விட்டுத் தள்ளி, பெயிண்டு இல்லாத இரும்புல மாட்டு. அதுக்கப்பறம் பிளக்கு. கழட்டுறப்ப மொதல்ல பிளக்கு, அப்பறம் கருப்பு, கடைசியாச் சிவப்பு. ஏன்னு கேளு. சார்ஜு ஏறயில ஹைட்ரஜன் வாயு கொஞ்சம் வரும். ஒரு பொறி விழுந்தாப் போதும். கொட்டகைச் சன்னலத் தொறந்து வையி. பக்கத்துல நின்னு பீடி குடிக்காத. நீ பீடி குடிக்கமாட்டியா? சிகரெட்டுக்கும் சேத்துத்தேன் சொல்றேன், ஒங்க ஆத்தாகிட்டச் சொல்லல, பயப்படாத.

பிளஸ்ஸு முனையில பச்சையும் வெள்ளையுமாப் பூத்திருக்கு பாரு, அதுக்கு மேலயே கிளிப்ப மாட்டுனா வேப்பமரத்துல கரண்டு தேடுற கதைதேன். ஆப்பசோடாவச் சுடுதண்ணியில கரைச்சு ஊத்தித் தேச்சுட்டு, தொடைச்சு, வாசலின் தடவு. அப்பறம் டப்பாவுல பேட்டரி ரகத்தக் கேக்கும். சாதாரண ஆசிட்டு பேட்டரியா, சிக்னல்ல நின்னா தானா அணையிற புதுக்காருல வர்ற ஏஜிஎம்மான்னு பாத்து அமுக்கு. லித்தியம்னு இருக்குற பட்டன ஈயபேட்டரிக்கு அமுக்கிறாத. எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பாக்குற ஆளு நீ.

கரண்டு போயி வந்தா தானா மறுபடி வேலைய ஆரம்பிக்கிற டப்பாவான்னு வாங்குறப்பக் கேட்டியா? இது பெங்களூருல பாக்காத வியாதி. 2012-ல நம்ம பக்கம் பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல கரண்டு இல்லாம கெடந்தோம். இப்ப அம்புட்டு இல்ல, ஆனாலும் காத்து அடிச்சாப் போகும், மழை மொகம் காட்டுனாப் போகும். சில டப்பா கரண்டு வந்தபெறகு எவனாவது வந்து பட்டன அமுக்குவான்னு காத்துக்கிட்டே கெடக்கும். ஒன்னுது தேவல, தானா ஆரம்பிச்சுக்கிருது. நான் பாத்திருக்கேன்.

ஆனா ஒண்ணு. அந்த டப்பா செத்தவன எழுப்பாது. ஒரு ஆம்பியருதேன் அது விடும். 35 ஆம்பியர்-அவர் காலிப் பேட்டரிக்கு ஒண்ணரை நாளுக்கு மேல ஆகும், அதுவும் காவி ஏறாம இருந்தா. ரொம்பக் கீழ எறங்குன பேட்டரின்னா சில டப்பா 'எனக்கு இங்க பேட்டரியே தெரியலையே'ன்னு கண்ணச் சிமிட்டிட்டுச் சும்மா இருந்துக்கிரும். காவலுக்கு வச்ச ஆளப் போயி வைத்தியம் பாக்கச் சொன்னா? இப்ப மணி எட்டு. இத இன்னைக்கு மாட்டுனா நாளைக்கு எதிர்சேவைக்கு ஆகாது, அழகரு ஆத்துல எறங்கி வண்டியூரு போயித் திரும்புறப்ப வேணா ஸ்டார்ட் ஆகும்.

முன்னாடியெல்லாம் இந்தத் தொல்லை ஏது. 1912-ல டி.வி.சுந்தரம் ஐயங்காரு மதுரையில மொதமொதல்ல பஸ்ஸு விட்டாரு. அந்தக் காலத்து வண்டிய முன்னாடி நின்னு ஹேண்டில் போட்டுச் சுத்துனாத்தேன் எஞ்சின் எந்திரிக்கும். அதே 1912-லதேன் அமெரிக்காவுல காடிலாக் காருக்கு, கெட்டரிங்னு ஒருத்தர் கண்டுபுடிச்ச செல்ஃப் ஸ்டார்ட்டரப் போட்டு வித்தாங்க. அன்னையில இருந்துதேன் மனுசன் கை சொகம் கண்டுச்சு, பேட்டரி தலையில பாரம் விழுந்துச்சு. ஹேண்டில் இருந்த காலத்துல பேட்டரி செத்தாக்கூட நாலு சுத்து சுத்தலாம். இப்ப ஒன் காருக்கு ஹேண்டில் ஓட்டையும் இல்ல, சுத்த ஒனக்குத் தெம்பும் இல்ல.

என்ன, ஏன் எந்திரிச்ச? எங்க போற? சார்ஜரத் தேடுறியா? அதென்ன இப்ப. பெட்டிக்குள்ள இல்லையா. காருக்குப் பக்கத்துல சுவத்துல மாட்டியிருந்தியே, அங்கயும் இல்லையா. பொங்கலுக்குப் போறப்ப நீயேதான் கிளிப்ப மாட்டிப் பச்சை லைட்டு எரியிறதப் பாத்துட்டுப் போன?

ஒக்காரு மாப்ள. சொல்றேன். கோவப்படக் கூடாது.

நம்ம டிராக்டரு இருக்குல்ல. ஒன் காராவது வருசத்துக்கு நாலு தடவை போர்வைய எடுக்கும். டிராக்டரு உழவு முடிஞ்சா அடுத்த உழவு வரைக்கும் வேப்பமரத்தடியில நிக்கும். அதுவும் அதே ஈயம், அதே ஆசிட்டு, அதே 12 வோல்ட்டு. போன ரெண்டு வருசமா ஒவ்வொரு ஆடிக்கும் புது பேட்டரிக்கு அழுதேன். காருகாரன் பெங்களூருல இருக்கான், டப்பா சும்மாப் பச்சை லைட்டக் காட்டிக்கிட்டு நிக்குது, நெறஞ்ச பேட்டரிக்கு எதுக்குக் காவலுன்னு மாசி மொதத் தேதி எடுத்து அங்கிட்டு மாட்டினேன். ஒரு வாரம்னுதேன் எடுத்தேன். அப்பறம் மறந்துருச்சு. மறந்துருச்சுன்னா, ராத்திரி மூணு மணிக்குப் பாப்பேன், ஞாபகம் வரும். விடிஞ்சா மறந்துரும்.

மொறைக்காத. டிராக்டரு இப்ப ஒரே செல்ஃப்புல எடுக்குது, தெரியுமா? அத ஓட்டியாந்து ஒன் காரு மூக்குக்கு நேரா நிறுத்துறேன். ரெண்டும் தொட்டுக்காம நிக்கணும். கேபிளு என்கிட்ட இருக்கு. சிவப்ப ரெண்டு பிளஸ்ஸுலயும் மாட்டுவோம், கருப்போட கடைசி நுனிய ஒன் எஞ்சின் இரும்புல மாட்டுவோம், சாவியத் திருகு, எந்திரிச்சுரும். அப்பறம் நிறுத்தாம மேலூரு வரைக்கும் ஓட்டிட்டு வந்து வச்சுரு, நாளைக்குத் தல்லாகுளம் போயி வர அது போதும். முன் சீட்டு எனக்கு. ஒன் பொண்டாட்டிகிட்ட இப்பவே சொல்லிரு.

திருவிழா முடிஞ்சு சார்ஜர எங்க மாட்டுறதுன்னா கேக்குற? பெரியாத்துத் தண்ணிய எப்பிடி விடுறாங்க நமக்கு? முறை வச்சுத்தான? மாசத்துல பதினஞ்சு நாளு காருக்கு, பதினஞ்சு நாளு டிராக்டருக்கு. மொத முறை டிராக்டருக்கு, கடைமடைக்காரன் அதுதேன். நீ பேசாம அடுத்த தடவை வர்றப்ப இன்னொரு டப்பா வாங்கிட்டு வந்துரு, ரெண்டு ஆம்பியருல கெடைக்குமாம்ல.